சிக்னல் அண்ணையின் கை

குடாநாட்டிலேயே மிகக் குறைவாகக் கதைத்து மிக அதிகமாகச் சொன்ன மனிதர் சிக்னல் அண்ணைதான். இதைச் சும்மா சொல்லவில்லை, எழுதி வைத்திருக்கிறேன். கோப்பாயில் ஒரு நில அளவை அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் அவர் என்னுடன் கதைத்த சொற்கள் மொத்தம் பதினாலு. அதில் ஒன்பது "ஓம்". மூன்று "இல்லை". மிச்சம் இரண்டும் ஒரே நேரத்தில் வந்தவை: "பாம்பு, பிள்ளை!"

அலுவலகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நில அளவையாளரான சேவையர் ஐயா, வரைபடம் கீறும் கணினி, கருவிப் பெட்டி, சிக்னல் அண்ணை, நான். தொழில்நுட்பக் கல்லூரியில் நில அளவை படித்து முடித்த கையோடு அங்கே போயிருந்தேன். காணி அளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முக்காலியில் பூட்டிய கருவிக்குப் பின்னால் நின்று பார்ப்பார். அது நான். மற்றவர் இருநூறு மீற்றர் தள்ளி, காணியின் மூலையில், கண்ணாடி பூட்டிய கம்பை நிமிர்த்திப் பிடிப்பார். அது சிக்னல் அண்ணை. கம்பு சரிந்தால் வரைபடத்தில் எல்லை சரியும். எல்லை சரிந்தால் மூன்று தலைமுறைக்குக் கோடு கச்சேரி என்று வழக்குத்தான்.

எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு வாழைத்தோட்டம், ஒரு கோவில் ஒலிபெருக்கி, நாலு நாய்கள். கத்தினால் கேட்காது. ஆகவே கை.

முதல் வாரமே ஒரு கொப்பியில் இலக்கமிட்டு எழுதத் தொடங்கினேன். வலக்கையைப் பக்கவாட்டில் நீட்டினால் வலப்பக்கம் போக வேண்டும். மெதுவாக நீட்டினால் ஓரடி, வெடுக்கென்று நீட்டினால் பத்தடி. இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்திச் சேர்த்தால் "சரி, எடு". இவை எல்லா நாட்டிலும் உள்ளவை, பாடப் புத்தகத்திலும் இருக்கின்றன. இலக்கம் ஏழிலிருந்து புத்தகத்தில் இல்லை. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தால், காணிக்காரர் ஆலோசனை சொல்ல வந்துகொண்டிருக்கிறார், கருவியை மறைத்து நில். காதைத் தடவினால், அந்த வீட்டு மனிசி சொல்லும் எல்லையை நம்பாதே. வயிற்றைத் தட்டிவிட்டுத் தென்னையைக் காட்டினால், இந்த வீட்டில் இளநீர் வரும், வேலையை மெதுவாகச் செய். மொத்தம் நாற்பத்தொன்று சேர்ந்தன. இளநீர் விஷயத்தில் அவர் ஒருநாளும் பிழை விட்டதில்லை.

சேவையர் ஐயாவுக்கு இது பெரிய வெட்கம். "இந்தக் காலத்திலை ரெண்டு பேரும் தோட்டத்துக்கை நிண்டு கூத்தாடுறியள். பாக்கிற சனம் என்ன சொல்லும்?" என்று இரண்டு வோக்கி டோக்கி வாங்கி வந்தார். சிக்னல் அண்ணை தன்னுடையதை இடுப்பில் செருகிக்கொண்டார். நான் அதில், "அண்ணை, கொஞ்சம் இடப்பக்கம் போங்கோ, கேக்குதே?" என்றேன். அவர் அதை எடுத்துக் காதில் வைத்தார். கவனமாகக் கேட்டார். பிறகு இருநூறு மீற்றருக்கு அப்பாலிருந்து கையை உயர்த்தி, கேட்குது என்று காட்டினார்.

மூன்றாம் நாள் ஐயா அவற்றைத் திரும்பப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

வேலை முடிந்ததும் கை ஓய்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அது ஓயவில்லை. தேநீர்க்கடையில் கையைக் கண்ணுக்கு நேரே பிடித்துச் சற்றுத் தாழ்த்தினால், சீனி குறைந்த பிளேன் ரீ. கடைக்காரருக்கு இது விளங்க இரண்டு வருடம் எடுத்ததாம். அந்த இரண்டு வருடமும் அண்ணை வந்ததைக் குடித்தார். அலுவலகச் சுவரில் பிள்ளையார் படம் அரை விரல் சரிந்திருந்தால், வாசலில் நின்று இடக்கையை மேலே தூக்கியபடியே இருப்பார். யாராவது எழும்பிப் போய்ப் படத்தை நிமிர்த்தும்வரை உள்ளே வரமாட்டார்.

ஒருநாள் உடுவிலில் வீதியோரக் காணி ஒன்று அளந்தோம். நான் வீதிக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம் நின்று முக்காலியை எங்கே நாட்டுவது என்று காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு "நில்" என்று கையை உயர்த்தினார். அப்போதுதான் வந்த யாழ்ப்பாணம் பஸ் அவருக்காக நின்றது. அவர் பஸ்ஸைப் பார்க்கவே இல்லை. பஸ்ஸின் கண்ணாடிக்கு ஊடாக என்னைப் பார்த்து, வலப்பக்கம் ஓரடி என்று காட்டினார். சாரதி நல்ல மனிதர். பஸ்ஸை வலப்பக்கம் ஓரடி எடுத்தார்.

நடத்துநர் மிதிபலகையில் தொங்கியபடி கேட்டார்: "ஐயா, ஏறுறியளோ, இல்லாட்டி இன்னும் தள்ள வேணுமோ?"

சிக்னல் அண்ணை இரண்டு கையையும் தலைக்கு மேலே சேர்த்தார். சரி என்று எனக்குச் சொன்னார். பஸ் போய்விட்டது. உள்ளே இருந்த சனமெல்லாம் தலையை வெளியே நீட்டி, ஏதோ பள்ளத்தில் விழாமல் தங்களைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டே போனது.

இதைவிடப் பெரியது ஊர்க் கோவில் தேர். தெற்கு வீதி மூலையில் தேர் திரும்புவது ஒவ்வொரு வருடமும் முக்கால் மணித்தியாலத் துன்பம். பத்துப் பேர் கட்டளையிடுவார்கள், பதினோராவது ஆள் அதை மறுப்பார். அந்த வருடம் சிக்னல் அண்ணை சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிடத்தான் போனார். தேர் மூலைக்கு வந்ததும் அவரால் முடியவில்லை. முன்னால் போய் நின்று ஒரு கண்ணை மூடிக் கையை நீட்டினார். வடம் பிடித்த முந்நூறு பேரும் பார்த்தார்கள். வாய்களெல்லாம் மூடின. தேர் ஒரே இழுவையில் திரும்பிவிட்டது.

தர்மகர்த்தா ஓடி வந்தார். "உவர் ஆர்? உவருக்கு ஆர் சொன்னது?"

"ஏன், நீங்கள் தானே விட்டனீங்கள்?" என்றார் குருக்கள்.

அன்றைக்கு அண்ணைக்கு இரண்டு பங்கு பஞ்சாமிர்தம் கிடைத்தது. கிடைத்ததைக் கையால்தான் எனக்குச் சொன்னார்.

எல்லாம் பகிடியாக இருந்தது, நான் அவருடைய வீட்டுக்குப் போகும்வரை. உடுவிலில் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றுக்குள் வீடு. அவரை அண்ணை என்றும் அவருடைய மனைவியை அன்ரி என்றும் கூப்பிடுவது முறையில்லைதான். ஆனால் அலுவலகத்தில் வந்தவர் போனவர் எல்லாருக்கும் அவர் அண்ணை. அன்ரி கதிரையை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ பிள்ளை, ரீ குடிச்சிட்டுப் போகலாம். அவருக்கும் சேத்து நான் தான் கதைக்கிறன். அதாலை எனக்கு எப்பவும் தொண்டை நோ."

"முந்தியும் இப்படித்தானோ அன்ரி?"

"முந்தி அளவாக் கதைப்பார். உந்த வேலியாலை தான் வாய் மூடினது."

வேலிக்கு அப்பால் இருந்தது அவருடைய அக்கா பூமணியின் வீடு. ஏழு வருடத்துக்கு முன்னர் பழைய வேலிக்கு மட்டை மாற்றி அடைத்த நாளில், கதியால்கள் தன் பக்கம் வந்திருப்பதாக அண்ணைக்குத் தோன்றியிருக்கிறது. கதியால் என்பது வேலிக்கு நட்ட பூவரசங் கம்பு. அது வேர்விட்டு மரமாகிவிடும்.

"நாடாவைக் கொண்டுவந்து அளந்தவர். ஒழுங்கைச் சனம் முழுக்க நிக்குது. அளந்துபோட்டு அக்காவைப் பாத்து, 'நாலு விரல் காணியைக் களவெடுத்துப் போட்டாய்' எண்டார். கலியாணம் கட்டின நாளிலையிருந்து இவர் சொன்ன ஆக நீட்டு வசனம் உதுதான் பிள்ளை."

"பிறகு?"

"பேந்து ஒரு மாசத்தாலை ஐயாவின்ரை கருவியைக் கொண்டுவந்து வடிவா அளந்து பாத்தவர். காணி அப்பிடியே கிடக்கு. கதியால் தான் கொழுத்துப் போச்சுது."

நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். உயிர்வேலியில் எல்லை மரத்தின் நடுவில் இருக்கும். இது முதலாம் வருடப் பாடம். அண்ணை மரத்தின் பட்டையிலிருந்து அளந்திருக்கிறார். முப்பது வருடம் ஊராரின் வேலியெல்லாம் அளந்தவர், தன் வீட்டு வேலியில் ஒரு பூவரசின் பருமனைத் தமக்கையின் களவு என்று சொல்லிவிட்டார்.

"போய்ப் பிழை எண்டு சொல்லுங்கோவன் எண்டு எத்தினை தரம் சொன்னனான். அவர் வாயைக் காட்டுறார், கையை விரிக்கிறார். உதாலை தானே கெட்டது, உதாலை எப்பிடித் திருத்திறது எண்டு கேக்கிறார்." அன்ரி பெருமூச்சு விட்டார். "எனக்கு உவற்றை கை விளங்காட்டி நிம்மதியா இருப்பன்."

ஏழு வருடம் இரண்டு வீட்டுக்கும் கதை இல்லை. ஆனால் தகவல் ஒருநாளும் நின்றதில்லை. வேலியின் நடுவில் பங்குக் கிணறு, பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். காலை ஐந்தரைக்குப் பூமணி அக்கா அள்ளுவார், ஆறு மணிக்கு அண்ணை. அக்கா வாளியைக் கிணற்றுக்கட்டில் மெதுவாக வைத்தால் வீட்டில் எல்லாம் சுகம். டங்கென்று வைத்தால் மருமகனாக வரப்போகிறவரின் வீட்டார் ஏதோ கேட்டிருக்கிறார்கள். அண்ணைக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் கிணற்றடிக்குப் போகாதபோது, நாலாம் நாள் கிணற்றுக்கட்டில் கொத்தமல்லி அவித்த தண்ணீருடன் போத்தல் ஒன்று இருந்தது. போத்தலுக்குக் கீழே கடிதம் எதுவும் இல்லை. அண்ணை குடித்துவிட்டு, போத்தலைக் கழுவி, வெயிலில் காயவைத்து, அதே இடத்தில் வைத்தார்.

அந்த ஆவணியில் பூமணி அக்காவின் மகள் நிலானிக்குக் கலியாணம் ஒழுங்காகியிருந்தது. நிலானி அண்ணையின் தோளில் வளர்ந்தவள். சைக்கிள் ஓடப் பழக்கியதும் அவர்தான், ஒழுங்கையின் கடைசியில் நின்று கையைக் காட்டிக்காட்டி. தாய்மாமன் என்று அவளுக்கு இருப்பதும் அவர் ஒருவர்தான். கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கையில் கிணற்றுக்கட்டில், வாளிக்கு அடியில், அழைப்பிதழ் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் அழைப்பிதழ் என்பது பாதி அழைப்புத்தான். இரண்டு பேராக வீட்டுக்கு வந்து, இருந்து, தண்ணியாவது குடித்து, "கட்டாயம் வரவேணும்" என்று வாயால் சொன்னால்தான் அது முழுமை. வாய் சொல்லாத கலியாணத்துக்குப் போகிறவரை ஊர் வேறு கண்ணால் பார்க்கும். இங்கே இரண்டு வாயும் ஏழு வருடமாகப் பூட்டிக் கிடந்தன.

அண்ணை அந்த அழைப்பிதழைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வேலைக்கு வந்தார். வியர்வையில் மணமகன் பெயர் அழிந்துவிட்டது. ஒருநாள் இடைவேளையில் அதை எடுத்து எனக்குக் காட்டினார். தன் வாயைத் தொட்டார், விரலை ஆட்டினார்: அவள் சொல்லவில்லை.

"நீங்கள் மட்டும் சொன்னனீங்களோ?" என்றேன்.

அவர் எழும்பிக் கம்பை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். அன்றைக்குத்தான் அவருடைய கம்பு சரிந்து நான் முதன்முதலாகக் கண்டேன். நிமிர்த்தச் சொல்லி நான் கை காட்டியும் அவர் என்னைப் பார்க்கவில்லை.

கலியாணத்துக்கு ஒரு கிழமை முன்னர், கன்னிக்கால் ஊன்றும் நாள். வளவின் வடகிழக்கு மூலையில் முருக்கங்கிளை ஒன்றை நட்டுப் பூசை செய்வார்கள். அது ஊன்றியாயிற்று என்றால் கலியாணம் தொடங்கியாயிற்று. அண்ணை, நிமிர்வு காட்டும் நீர்க்குமிழைத் திருத்துவதற்கென்று வீட்டுக்குக் கொண்டுபோன கம்பை வாங்கி வரும்படி ஐயா என்னை அனுப்பியிருந்தார். நான் போனபோது அவர் கிணற்றடியில், கையில் துவாயுடன், குளிக்கப்போகிறவர் போல நின்றார். துவாய் காய்ந்திருந்தது. அன்ரி அடுப்பு மூட்டாத குசினியின் யன்னலில் நின்றார். அவருக்கும் அங்கே வேலை எதுவும் இல்லை.

பூமணி அக்கா வீட்டின் வடகிழக்கு மூலை, கிணற்றிலிருந்து ஐந்தடியில் இருந்தது. வேலிக்கு மேலால் எல்லாம் தெரிந்தது. வெளியூர்க் குருக்கள் ஒருவர், பட்டுச் சேலைப் பெண்கள், பூமணி அக்காவின் கணவர். கணவர், தோண்டிய குழியில் கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிளை தெற்கே சரிந்து நின்றது.

"இஞ்சாலை விடுங்கோ."

"இல்லை, அங்காலை."

"இப்ப கூடச் சரிஞ்சு போச்சு."

"நேரம் போகுது," என்றார் குருக்கள்.

அண்ணை வேறு பக்கம் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு பார்க்கக்கூடாத பக்கம் பார்த்தார். ஒரு கண் தானாக மூடியது. துவாய் தோளுக்குப் போனது. வலக்கை மெல்ல, மிக மெல்ல, எழுந்து வடக்கே நீண்டது.

பூமணி அக்கா கண்டுவிட்டார். அவர் முகம் அசையவில்லை. கணவரைப் பார்த்து, "வடக்காலை கொஞ்சம்," என்றார்.

அண்ணையின் கை ஒரு விரலளவு தாழ்ந்தது.

"காணும். இனிக் கொஞ்சம் உங்கடை பக்கம்."

"ஆரப்பா சொல்லுறது?" என்றார் கணவர், வேலிக்கு முதுகைக் காட்டியபடி.

"நான் தான் சொல்லுறன். வாயை மூடிக்கொண்டு பிடியுங்கோ."

கை இடப்பக்கம் போனது. "இடப்பக்கம்," என்றார் அக்கா. கை நின்றது. "நிப்பாட்டுங்கோ." அண்ணை இரண்டு கையையும் தலைக்கு மேலே சேர்த்தார். அக்கா, "சரி, மண்ணைப் போடுங்கோ," என்றார். முருக்கங்கிளை நூல் பிடித்தது போல நின்றது. என்னிடம் கருவி இருந்திருந்தால் அளந்து பார்த்திருப்பேன்.

குருக்களுக்கு இந்த ஊரின் கதை எதுவும் தெரியாது. தட்டைப் பார்த்தார். "பெண்ணின்ரை தாய்மாமன் ஆர்? வந்து தேங்காயை உடைக்கச் சொல்லுங்கோ."

பட்டுச் சேலைகள் எல்லாம் நிலத்தைப் பார்த்தன. நிலானி தாயைப் பார்த்தாள். பூமணி அக்கா தட்டிலிருந்த தேங்காயை எடுத்தார். வேலிக்கு நடந்து வந்தார். கையை உயர்த்தி, கதியாலுக்கு மேலால், தேங்காயைத் தம்பியிடம் நீட்டினார்.

அவர் வாங்கினார். வாங்கிய பிறகுதான் சங்கடம் விளங்கியது. தேங்காய் இந்தப் பக்கம், கன்னிக்கால் அந்தப் பக்கம். வாசல் படலையால் சுற்றி ஒழுங்கையில் போனால் நல்ல நேரம் முடிந்துவிடும். முன்பு இரு வீட்டாரும் போய்வந்த பொட்டு, ஓர் ஆள் குனிந்து நுழையும் இடைவெளி, அந்த வேலியில் இருந்தது. ஏழு வருடமாகப் பனைமட்டை செருகி அடைத்திருந்தது. பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த மட்டையைப் பிடுங்கியது நிலானி. அவளுக்கு உதவி செய்து இந்தப் பக்கத்திலிருந்து இழுத்தது அன்ரி. குசினி யன்னலிலிருந்து அவர் எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது.

அண்ணை குனிந்து அந்தப் பக்கம் போனார். அக்காவுக்கு முன்னால் நின்றார். வாய் திறந்தது. காற்றுத்தான் வந்தது. அவர் தேங்காயை இடக்கைக்கு மாற்றி, வலக்கையில் நாலு விரலை உயர்த்திக் காட்டினார். பிறகு அவற்றை ஒவ்வொன்றாக மடக்கினார். நாலும் மடங்கியதும் அந்தக் கையைத் தன் நெற்றியில் ஒரு தரம் அடித்தார். என் கொப்பியில் அது இல்லை. ஆனால் அங்கே நின்ற எல்லாருக்கும் விளங்கியது. குருக்களுக்கும் விளங்கியது என்றுதான் நினைக்கிறேன். அவர் நேரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பூமணி அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "விசரன். எனக்கு அண்டைக்கே தெரியும் அது பூவரசு எண்டு. தேங்காயை உடை. வாற கிழமை விடிய வெள்ளணவா வா. பெஞ்சாதியையும் கூட்டிக்கொண்டு வா."

வாயால் சொல்லிவிட்டார். அழைப்பு முழுமை.

கலியாண மண்டபத்தில் அண்ணைக்குப் பட்டு வேட்டியும் தலைப்பாகையும். மணவறைக்குப் பக்கத்தில் நின்று படப்பிடிப்புக்காரரை நகர்த்திக்கொண்டிருந்தார். தாலி கட்ட இன்னும் இரண்டு நிமிடம் இருக்கையில், சற்றுப் பின்னால் போ என்று படப்பிடிப்புக்காரருக்குக் கையை உயர்த்தினார். மேளகாரர் அதைக் கெட்டிமேளத்துக்கான கை என்று எடுத்துக்கொண்டு வெளுத்து வாங்கினார். சனம் அரிசியை எறிந்துவிட்டது. மாப்பிள்ளை பயந்து எழும்பி, கையில் எதுவும் இல்லாமல், திரும்பவும் இருந்தார்.

"மாமாவை ஆராவது கதிரையிலை இருத்துங்கோ!" என்றார் குருக்கள்.

"அவன் நிக்கட்டும்," என்றார் பூமணி அக்கா.

மேளகாரர் இரண்டாம் தரமும் வாசித்தார். தாலி ஒரு தரந்தான் கட்டப்பட்டது.

திங்கட்கிழமை சாவகச்சேரிப் பக்கம் வேலை. நான் போனபோது சிக்னல் அண்ணை முதலே வந்து நின்றார். கருவிப் பெட்டியின் மேல் ஒரு பெரிய பொதி: பயத்தம் பணியாரம், அரியதரம், முறுக்கு, கேக். அவர் பொதியைக் காட்டினார், என்னைக் காட்டினார், பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் சாப்பிடும்வரை பெட்டியைத் திறக்க விடமாட்டார் என்பது தெளிவாக இருந்தது. எங்கள் களப்புத்தகத்தில் ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கிய நேரத்தை எழுத வேண்டும், பிந்தினால் காரணமும் எழுத வேண்டும். அந்தப் புத்தகத்தில் நான் இதுவரை பிழையாக ஓர் எழுத்தும் எழுதியதில்லை.

அன்றைக்கு வேலை நாற்பது நிமிடம் பிந்தித் தொடங்கியது. காரணம் என்ற இடத்தில் "மழை" என்று எழுதினேன்.